மாடுகள் போன பிறகு

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? ஒப்பந்தம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் காலமான கையோடு மாடுகளை விற்றீர்கள். அதையே பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது மேய்ச்சல் நிலத்தைக் காடாக விட்டால், மரங்கள் காற்றிலிருந்து உறிஞ்சும் கரிப்புகைக்குக் கம்பெனி பணம் தரும் என்கிறீர்கள். நாற்பது வருஷம் மாடு மேயக்கூடாது, வீடு கட்டக்கூடாதாம். அந்த நிலத்து மேட்டில் எனக்கு வீடு என்று அண்ணன் சொன்னதை மறந்துவிட்டீர்களா? அக்டோபரில் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு. பாதி நிலம் என் பேரில் இருக்கிறது. கையெழுத்துப் போட மாட்டேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 19

அன்புச் சின்னவளே,

சொல்லாமல் விற்றது தப்புதான். சாயங்காலமானால் மாடுகள் வேலியோரம் வந்து உன் அண்ணனைத் தேடி நிற்கும். பார்க்க முடியவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை.

நான் ஒரு செடிகூட நடவில்லை. மண்ணுக்குள் கிடந்த விதையும் பழைய வேரும் தானாகக் கிளம்பிவிட்டன. முன்பு காற்று நேரே வந்து கதவில் அறையும். இப்போது வழி விசாரித்துக்கொண்டே வருகிறது. பனிமூட்டம் மரக்கன்றுகளுக்குள் புகுந்தால் கிளம்ப மனமில்லாமல் நிற்கிறது.

நேற்று கம்பெனியிலிருந்து அளவெடுக்க வந்த பெண் ஒரு மரக்கன்றுக்கு நாடா சுற்றி, "இது எவ்வளவு மூச்சு இழுக்குது தெரியுமாம்மா?" என்றாள். "மேடு ஏறி வந்த என்னைவிடக் கம்மியாத்தான் இருக்கும்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மேட்டை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் விட்டுவிடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதிவிட்டேன். உன் வீடு உனக்கு. வந்து இடத்தைக் காட்டு.

அண்ணி

மே 2

அண்ணி,

நேற்று வந்தேன். வீடு பூட்டியிருந்தது. மேட்டுக்குப் போனேன். இருபது வருஷமாக நான் மனதுக்குள் கட்டிய வீடு அங்கேதான். அடுப்படியில் தோளுயரத்துக்கு நாலு கன்றுகள். கூடத்தில் ஏதோ குருவி முட்டையிட்டிருந்தது. படுக்கையறையில் உட்கார்ந்தேன், அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது, அடுத்தவர் வீட்டில் கேட்காமல் தூங்கிவிட்ட கூச்சம். சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன், மேட்டையும் சேர்த்து. உங்கள் வீட்டில் பின்பக்க அறை போதும் எனக்கு. கட்டாயமில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.

நாத்தனார்

மே 11

சின்னவளே,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பின்பக்க அறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். மறுநாளே ஒரு கொடி எட்டிப் பார்க்கிறது. அக்டோபர் வரைக்கும் அதைத் தடுத்து வைக்கப் பார்க்கிறேன். நீ தாமதித்தால் அது குடிவந்துவிடும்.

அண்ணி