விட்டுவிடச் சொன்ன வீடியோ

வெள்ளிக்கிழமை இரவு, இஷா தொழுத பிறகு.

இன்று மகள் பழைய கம்ப்யூட்டரில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றினாள். பழையதில் பென் டிரைவ் வேலை செய்யாது என்பதால் இரண்டையும் ஒரு வயரால் இணைத்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி என்னிடம் கேட்டாள். அவளுடைய கல்யாண வீடியோ ஒன்றில் என் தங்கை நின்றாள்.

"சாச்சி இருக்கிறதையும் அனுப்பவா, உம்மா?"

"உன்ட வாப்பா மௌத்தான அண்டு மையத்து வீட்டுக்கு வராதவள். அவளப் புதுசுலயும் குடியேத்தணுமா? உட்டுடு."

"இந்தப் பெட்டியில எடம் முடிஞ்சாலும் உங்கட தலைக்குள்ள கோவத்துக்கு எடம் முடியாது, உம்மா" என்று சிரித்தாள். அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் அனுப்பினாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் வேலை முடிந்துவிட்டது.

என் கணவர் இறந்த அன்று அந்த மையத்து வீட்டில் யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது; தங்கை மட்டும் இல்லை. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன் கற்பிட்டியில் அவள் மௌத்தாகி அடக்கம் நடந்தபோது நானும் போகவில்லை.

ஆனால் இன்று மகள் அந்த வீடியோவை நிறுத்துவதற்குள் தங்கையின் குரல் வந்துவிட்டது. வட்டிலப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு, "ராத்தா, இஞ்ச பாருங்களேன்!" என்று கூப்பிடுகிறாள். எங்கள் உம்மாவுக்கு நாங்கள் இருவர்தான். என்னை ராத்தா என்று கூப்பிட இனி ஒருவரும் இல்லை.

நாளைக் காலை மகள் பழைய கம்ப்யூட்டரில் உள்ளதை அழித்து, அதை மதரஸாவுக்குக் கொடுக்கப்போகிறாளாம். சுபஹ் தொழுததும் நானே போய் அந்த வீடியோவை அவளிடம் கேட்கவேண்டும். சிரிப்பாள். சிரித்துவிட்டு அனுப்பட்டும்.