அடுப்பு இருந்த இடம்

டிசம்பர் 12, 1968. வியாழன்.

இலங்கைச் சுற்றுலா முடிந்து கூடப் படிக்கும் கல்லூரிப் பையன்களோடு இன்று காலை வந்து இறங்கினேன். காசிமேட்டில் எங்கள் வீடு இல்லை. போன வாரம் கடல் எடுத்துக்கொண்டதாம். அம்மா மாமா வீட்டில் இருக்கிறாள். ஏன் தந்தி கொடுக்கவில்லை என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீ பாதிலயே ஓடியாந்திருப்பே நைனா."

சாயங்காலம் கூட்டிப்போய், முழங்கால் தண்ணீரில் நின்று காட்டினாள். "இங்கதான் அடுப்பு. அதோ, மாதா படம் மாட்ன செவுரு." அநுராதபுரத்து இடிபாடுகளில் வழிகாட்டியும் இப்படித்தான் கையை நீட்டி, இது பிக்குகளின் சோற்றுத் தொட்டி, இது குளிக்கும் குளம் என்றான். நாங்கள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தோம்.

சிநேகிதனிடம் இரவல் வாங்கிய கேமரா இன்னும் என் தோளில் தொங்கியது. அதைப் பார்த்ததும் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அடுப்பாண்ட வெச்சி என்னை ஒரு படம் புடி."

பிலிம் தீர்ந்திருந்தது. கடைசிப் படமும் அநுராதபுரத்தில் ஏதோ உடைந்த படிக்கட்டுக்குப் போய்விட்டது. கேமராவைக் கண்ணில் வைத்து வெறுமனே அமுக்கினேன்.

இப்போது பாயில் படுத்தபடி கேட்கிறாள்: "படம் எப்போ நைனா வரும்?"