கால் கழற்றும் மேசை

இன்று குன்னூர் பழஞ்சாமான் கடைக்குள் நுழைந்ததும் பாலிஷ் வாசனை மூக்கில் ஏறியது. உடனே உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நம் மகளுக்கு இப்போது வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. புது மேசை எதுவும் பிடிக்கவில்லை, வெள்ளைக்காரத் துரைமார் காலத்து மேசைதான் வேண்டுமாம். கூட வந்து மாட்டிக்கொண்டேன்.

நாமும் ஒரு மேசை தேடிப் போனோமே, நினைவிருக்கிறதா? இலங்கையிலிருந்து நம்மை அனுப்பிவிட்டு, இங்கே வந்த இரண்டாம் மழைக்காலம் அது. உங்களுக்கு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை. எனக்குத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. எஸ்டேட் துரை பங்களாச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேட்டு ஓடினோம். ஒரே கட்டாக அசையாமல் நின்ற தேக்கு மேசை எனக்குப் பிடித்துப்போனது. நீங்களோ ஒவ்வொரு மேசையாகக் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். கடைசியில், திருகிக் கழற்றும்படி மரை போட்ட சாய்வுக்கால் மேசை ஒன்றைக் காட்டினீர்கள்.

"இதுதான் புள்ள. காலக் கழட்டிட்டா பொட்டியோட பொட்டியா கட்டிறலாம்."

"எங்க போறதுக்குக் கட்டணும்?"

"அங்கயும் போகச் சொல்லுவாங்கன்னு நெனச்சா கட்டில் செஞ்சோம்?"

இலங்கையில், ஹட்டனில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்த நம் கட்டிலை நினைத்துக்கொண்டே, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அந்த மேசை என்ன ஆட்டம் ஆடியது! ஞாயிறுதோறும் கீழே படுத்துக் காலைத் திருகுவீர்கள். முழுதாக இறுக்க மட்டும் மாட்டீர்கள். எனக்கு வந்த கோபத்தில் உங்கள் காதையும் சேர்த்துத் திருகலாம் போலிருக்கும்.

மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பார்த்தேன், நான்கு கால்களிலும் பசை வைத்து ஆணி அடித்திருந்தீர்கள். "இவ இந்த ஊர்க்காரி, புள்ள. இனி எவன் சொன்னாலும் போறதில்ல" என்றீர்கள். பிரசவத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

இன்று கடைக்காரர் இரண்டு மேசைகளைக் காட்டினார். "ஏனுங்கம்மா, இது கால் கழட்டறதுங்க, கொண்டு போக லேசு. அது ஒரே கட்டு, தூக்க நாலு ஆளு வேணுமுங்க."

"அதுவே இருக்கட்டுங்க. நாலு ஆளக் கூப்பிடுங்க" என்றாள் மகள். யோசிக்கவே இல்லை. அதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது.

எனக்குத்தான் அந்தப் பழைய பயம் இன்னும் விடவில்லை. அவள் ஆட்களோடு பேச வெளியே போனதும், சேலையை இடுக்கிக்கொண்டு குனிந்து அந்த ஒரே கட்டு மேசையின் அடியைப் பார்த்தேன்.