மச்சான் முறைக் கோடி

நேற்று நம் மகள் தொலைக்காட்சியில் ஒரு படம் போட்டாள். அந்நேரம் பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைக்கு மயில்துத்த மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சன்னல் வழியே வந்த வாசனை உங்கள் சட்டையின் வாசனை. அதனால்தானோ என்னவோ, உங்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பதுபோல் இருந்தது.

படத்தில் ஒரு குடும்பஸ்தன். அவன் மனசு இன்னொரு ஆண்மேல். ஊருக்குப் பயந்து அதை மூடி வைத்துக் கல்யாணம் கட்டிக்கொள்கிறான். கடைசியில் வீடே உடைகிறது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அழவில்லை. அந்த மனைவி படுக்கையில் சுவரைப் பார்த்துக் கிடக்கும் இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னேன்.

மகள் பிறந்த பிறகு நீங்கள் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டீர்கள். கேட்டால், “ஒனக்கு என்ன கொறச்ச?” என்பீர்கள். பொட்டலத் தாள்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். அந்தக் குறைக்குப் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டே கிழவியானேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்கள்.

நம் திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டும் நாட்களில் மட்டும் உங்கள் முகம் தெளியும். குமுளியிலிருந்து உங்கள் கூட்டாளி செல்லையா வருவார். பந்தலுக்கடியில் அவர் வெட்ட, நீங்கள் கொடியைக் கட்டுவீர்கள். “ஊருக்குள்ள ஆளா இல்ல?” என்றேன் ஒருமுறை. “கொடிக்கு அவன் கைதேன் ஒத்துவரும்” என்றீர்கள்.

நீங்கள் போன அன்று அவர் புது வேட்டியோடு வந்து நின்றார். உங்கள்மேல் கோடித் துணி போர்த்த ஒரு உறவுமுறை வேண்டுமே. பெரியவர் ஒருவர் மறித்தார்.

“என்ன மொறைக்குப் போடுறீக? மாமனா, மச்சானா?”

செல்லையா வேட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“கூட்டாளிக்கெல்லாம் கோடி கெடையாதுப்பா. தள்ளி நில்லு.”

நான் எழுந்தேன். “அவுக எங்க அண்ணன். மச்சான் மொறைக்குப் போடட்டும்.”

“ஏத்தா, ஒனக்கு ஏது அண்ணன்?”

“இப்பத்தேன் வந்தாக.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்றுவரை எனக்கே விளங்கவில்லை. படம் முடிந்ததும் அவருக்குப் போன் போட்டுக் கவாத்துக்கு வரச் சொன்னேன்.

“இனி எதுக்கும்மா அவரு?” என்றாள் மகள்.

“ஒங்கப்பாவப் பத்தி நான் வேற யாருகிட்டக் கேக்க?”

இன்று காலை வந்துவிட்டார். அவர் வெட்ட, நான் கட்டினேன். கேட்க நினைத்தது ஒன்று. வாயில் வந்தது வேறு.

“அண்ணே, அவுக ஒங்ககிட்ட நல்லாப் பேசுவாகளா?”

“பேச்செங்க ஆத்தா? பாட்டுத்தேன். வெட்டி முடியிற மட்டும் பாடுவான். நீ தூக்குவாளியோட வரப்புல வாரதப் பாத்ததும் நிறுத்திருவான்.”

நீங்கள் பாடுவீர்களா? மகளைத் தூங்கவைக்கக்கூட நீங்கள் பாடிக் கேட்டதில்லையே. நான் வரும்போதெல்லாம் கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

என் உடம்பில் கோளாறு என்ற நினைப்பை நேற்றே இறக்கி வைத்துவிட்டேன். கோபத்தை இறக்கவில்லை, அது என்னோடு இருக்கட்டும்.

“எந்தப் பாட்டு? பாடுங்கண்ணே” என்றேன். கூச்சப்பட்டார். நான் விடவில்லை. கரகரத்த குரல், சுதியே சேரவில்லை. பந்தலின் அந்தக் கோடி வரைக்கும் பாடவைத்தேன்.

இப்போது அந்தப் பாட்டு எனக்கும் பாதி தெரியும்.