‘உள்ளே’ என்ற ஒரு சொல்லை நீக்கக் கோரி

அனுப்புநர்:
விசாலாட்சி த/பெ மாணிக்கம்,
புக்கிட் மேரா,
சிங்கப்பூர்.

பெறுநர்:
மறுஆய்வு அதிகாரி அவர்கள்,
வேலையிட விபத்து விசாரணைப் பிரிவு,
சிங்கப்பூர்.

பொருள்: 11.03.2024 அன்று செம்பவாங் தொழிற்சாலையில் திரு. சுரேந்தருக்கு நேர்ந்த விபத்து – சாட்சியின் வாக்குமூலத்தை நான் தவறாக மொழிபெயர்த்தது – அறிக்கையைத் திருத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவை ஆங்கிலத்தில் எழுத எனக்குத் தெரியும். இருபத்து மூன்று ஆண்டுகளாக அலுவலகத்தில் அந்த மொழியில் எழுதித்தான் பிழைக்கிறேன். ஆனால் பிழை நடந்தது தமிழில். அதை ஆங்கிலத்தில் விளக்கப்போய் இரண்டு முறை தோற்றுவிட்டேன். ஆகவே தமிழ் நன்கு அறிந்த ஒருவரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் செய்யுமாறு வேண்டுகிறேன். அவர் என்னைவிடக் கவனமானவராக இருக்கட்டும்.

1. நான் மேற்படி தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் உதவியாளர். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்களுக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமென்றாலும், அவர்கள் சொல்வதை மேலிடத்துக்குச் சொல்ல வேண்டுமென்றாலும் என்னைத்தான் அழைப்பார்கள். பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. இந்தப் புகாரில் முதல் குற்றவாளி நான்தான் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2. விபத்து நடந்த இரண்டாம் வரிசையில், கடைசல் இயந்திரத்திலிருந்து பம்பு உறைகளை எடுத்துக் கழுவும் மேசைக்குக் கொண்டுபோக ஒரு கருவி இருக்கிறது. இரும்பில் இரண்டு விரல்கள். காற்றழுத்தத்தால் அவை மூடி உருப்படியைப் பிடிக்கும். மேலே தூக்கி, நகர்த்தி, மேசையில் இறக்கி வைத்த பிறகே திறக்க வேண்டும். ஓர் உருப்படி பதினொரு கிலோ. அலுவலகத்தில் நாங்கள் இதை ‘கிரிப்பர்’ என்போம்.

3. திரு. சுரேந்தரின் வேலை, மேசையின் வெளிப்புறம் நின்று, கழுவி முடித்த உறைகளைக் கையால் எடுத்து அடுக்குவது. தடுப்புக் கம்பிக்கு வெளியே மஞ்சள் கோடு போட்டு, நிறுவனமே அவரை நிற்கச் சொன்ன இடம் அது. அன்று காலை ஒன்பதரை மணிக்கு, இறக்கி வைக்கப்பட வேண்டிய உறை ஒன்று மேலிருந்தே விழுந்து, மேசை விளிம்பில் பட்டு, தடுப்பைத் தாண்டி அவர் வலக்கைமேல் உருண்டது. நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவருக்கு வயது இருபத்தொன்பது. அடிபட்ட அதிர்ச்சியில் அவருக்கு எதுவும் நினைவில்லை.

4. அருகில் நின்று பார்த்தவர் அவருடைய அறைத்தோழர் திரு. மருதப்பன் ஒருவர்தான். 14.03.2024 அன்று விசாரணைக்கு அவரை அழைத்தார்கள். மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவர் அழுதுகொண்டே சொன்னது இதுதான்: “கை விட்டதாலதான்க்கா அவனுக்கு அடிபட்டுச்சு.”

5. நான் அதை ஆங்கிலத்தில், ‘அவர் இயந்திரத்துக்கு உள்ளே கையை விட்டதால் அடிபட்டது’ என்று சொன்னேன். ‘உள்ளே’ என்று மருதப்பன் சொல்லவில்லை ஐயா. ‘அவர்’ என்றும் சொல்லவில்லை, ‘இயந்திரம்’ என்றும் சொல்லவில்லை. எல்லாம் நானே போட்டு நிரப்பியவை. எழுதி முடித்ததும் முறைப்படி படித்துக் காட்டச் சொன்னார்கள். நான் ஆங்கிலத்தை வரி வரியாகத் திருப்பிச் சொல்லவில்லை. மதிய உணவு நேரமாகிவிட்டது. “கை விட்டதால அடிபட்டுச்சு, அதானே?” என்று சுருக்கமாகக் கேட்டேன். “ஆமாக்கா, அதேதான்” என்றார். அவர் கையெழுத்திட்டார். மொழிபெயர்ப்பு சரியானது என்று நானும் கையெழுத்திட்டேன்.

6. ஜூன் மாதம் அறிக்கை வந்தது. விபத்துக்குக் காரணம் ஊழியரின் சொந்தக் கவனக்குறைவு என்று அதில் இருக்கிறது. நிறுவனம் உடனே உணவறையில் நான்கு மொழிகளில் சுவரொட்டி ஒட்டியது. ‘இயந்திரத்துக்குள் கை விடாதீர்’ என்ற தமிழ் வாசகமும் அடியேன் எழுதியதுதான். மருதப்பன் அதன்முன் நின்று, “இத ஏன்க்கா நம்மகிட்ட ஒட்டுறாங்க? கைகிட்டல்ல ஒட்டணும், விடாதடான்னு” என்றார். ஏதோ கிண்டல் என்று நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

7. 02.09.2024 அன்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்காக மூன்றாம் வரிசைக்குப் போனேன். திடீரென்று மருதப்பன், “கை விடப்போகுது! தள்ளு, தள்ளு!” என்று கத்தினார். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பின்னால் குதித்தார்கள். யார் கையை எங்கே விடப்போகிறார் என்று நான் மரம்போல நின்றேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இரும்பு விரல்கள் தாமாகத் திறந்தன. உறை தரையில் விழுந்து சிமெண்டு பெயர்ந்தது. அவர்கள் ‘கை’ என்பது அந்தக் கருவியை, ஐயா. மாடியில் இருக்கும் எங்களுக்குத்தான் அது கிரிப்பர். கீழே எல்லோருக்கும் அது கை. கை பிடிக்கும், கை தூக்கும், கை விட்டுவிடும். மருதப்பன் மார்ச் மாதமே உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். தமிழ் தெரிந்த எனக்குத்தான் விளங்கவில்லை.

8. பராமரிப்புப் பிரிவின் திரு. முகம்மது யூசுப் அவர்களைக் கேட்டேன். பக்கத்து வரிசையில் பெரிய இயந்திரம் ஓடத் தொடங்கினால் காற்றழுத்தம் இறங்கும், அப்போது விரல்கள் தளர்ந்துவிடும், காற்றைப் பிடித்து வைக்கும் வால்வு ஒன்றைப் போட்டால் போதும் என்றார். “மூணு தடவ புக்ல எழுதிட்டேன் லா அக்கா. யார் படிக்கிறா?” என்றார். மூன்று பதிவுகளும் விபத்துக்கு முந்தையவை. விபத்து நடந்த பதினேழாம் நாள், இரண்டாம் வரிசையில் மட்டும் சத்தமில்லாமல் அந்த வால்வைப் போட்டிருக்கிறார்கள். ஊழியரின் தவறுதான் காரணமென்றால் வால்வு எதற்கு? மற்ற இரண்டு வரிசைகளிலும் இன்றுவரை போடவில்லை.

9. மேலாளரிடம் எழுத்து மூலம் இருமுறை தெரிவித்தேன். மொழிபெயர்ப்பு சரியென்று கையெழுத்திட்டது நீங்கள்தானே, முடிந்த விஷயத்தை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்டார்கள். முதல் பாதி நியாயம். அதற்காக எனக்கு எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்கிறேன்.

10. இனி எழுதப்போவதுதான் இம்மனுவுக்குக் காரணம். சுரேந்தர் ஊர் திரும்பி, அறந்தாங்கி அருகே தம் வீட்டில் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னார்: “பரவால்லக்கா, எனக்காகப் பாவப்பட்டுச் சொல்றீங்க. எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே. மருதப்பன் பார்த்திருக்கான், கவர்மெண்ட் பேப்பர்லயும் எழுதியிருக்கு. நாந்தான் உள்ள விட்டிருப்பேன்.”

மருதப்பனையே பேச வைத்தேன். தலையிலடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். அதையும் நண்பனின் ஆறுதல் என்றே சுரேந்தர் எடுத்துக்கொண்டார். ஊரில் கேட்பவர்களிடமெல்லாம் ‘என் தப்புதான்’ என்கிறாராம். ஒரு பட்டறையில் மேற்பார்வை வேலை கேட்டுப் போனபோதும் அதையே சொல்லியிருக்கிறார். தன் கையையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவனை நம்பி ஆட்களை எப்படி ஒப்படைப்பது என்று அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி சங்கீதா என்னிடம், “கை போனதுகூடப் பழகிடுச்சுக்கா. ராத்திரி பகலா தன்னையே திட்டிக்கிறாரு, அதத்தான் பாக்க முடியல” என்றார். விரல்களை எடுத்தது அந்த இரும்புக் கை. மீதியை எடுத்தது நான்.

11. ஆகவே ஐயா, மருதப்பனைத் தமிழறிந்த வேறொருவரைக் கொண்டு மீண்டும் விசாரித்து, அறிக்கையிலிருந்து ‘உள்ளே’ என்ற சொல்லையும் அதனால் வந்த முடிவையும் நீக்க வேண்டுகிறேன். மற்ற வரிசைகளில் வேலை பார்ப்பவர்கள் இன்றும் கத்தியும் குதித்தும்தான் தப்பிக்கிறார்கள். அங்கேயும் வால்வு பொருத்த உத்தரவிட வேண்டுகிறேன். அந்தச் சுவரொட்டியை எடுக்கச் சொல்ல வேண்டுகிறேன். திருத்தம் ஆனதும் முத்திரையிட்டு ஒரு பிரதியைச் சுரேந்தருக்கு அனுப்புங்கள், தமிழிலும் ஒன்று வையுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார், நண்பன் சொன்னாலும் நம்பமாட்டார். அவர் நம்புவது உங்கள் காகிதத்தை மட்டும்தான். தவறு செய்யாத ஒரு மனிதர் அதைத் தாமே தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு,

(ஒப்பம்)
விசாலாட்சி த/பெ மாணிக்கம்

இடம்: சிங்கப்பூர்
நாள்: 13.01.2025

இணைப்புகள்:
அ. திரு. மருதப்பன் தம் கைப்படத் தமிழில் எழுதிய வாக்குமூலம்.
ஆ. திரு. முகம்மது யூசுப்பின் பராமரிப்புப் பதிவேட்டில் மூன்று பக்கங்களின் நகல்.
இ. மேலாளருக்கு நான் எழுதிய இரு கடிதங்கள்.
ஈ. மறுஆய்வுக்குத் திரு. சுரேந்தரின் சம்மதக் கடிதம். ‘தவறு என்னுடையதாக இருந்தாலும்’ என்று தொடங்கியிருக்கிறார். மாற்றச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். பழைய ஆவணங்களில் உள்ள கையெழுத்தோடு இது ஒத்துவராது. இடக்கையால் போட்டது.