மஞ்சள் சிவந்த சுவர்

சுண்ணாம்புப் பானை கொதிக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் புஸ்ஸென்று கிளம்பிய நெடி மூக்கில் ஏறியதிலிருந்து எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். நீ இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது.

நம் எஸ்தரை நேற்றுத்தான் வில்லிபுத்தூரிலிருந்து கூட்டி வந்தேன். நீ கர்த்தரிடம் போன நாளிலிருந்து எட்டு மாதமாக உன் அக்கா வீட்டில் வளர்கிறாள். பண்டிகை முடிந்ததும் மதினி வருவார்கள். "பிள்ளை தன் வாயால உங்ககூட இருக்கேன்னு சொன்னா விட்டுட்டுப் போறேன், இல்லைன்னா கூட்டிட்டுப் போயிருவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசியது நாலு வார்த்தைகூட இருக்காது.

உன் அடுப்படியை நினைத்துக்கொள்கிறேன். யுத்தத்தில் காகிதம் கிடைக்காத காலம். மில் டைம்கீப்பரான எனக்கே பென்சிலைக் கட்டை தீரும்வரை எழுத வேண்டியிருந்தது. ஆனால் நீ பிள்ளையிடம் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. வெண்டைக்காய்க் காம்பைக் கரித்தூளில் தோய்த்துத் தரையில் குத்தினால் பூ. கொடிப்பசலைப் பழத்தை நசுக்கினால் ஊதா. அம்மியில் மிஞ்சிய மஞ்சளைக் கொட்டாங்கச்சியில் குழைத்துக் கொடுத்து, "ஏட்டி, செவரு சும்மாதான நிக்குது, போட்டுக்கோ" என்பாய். வீட்டை நாசம் பண்ணவா பிள்ளை பெற்றோம் என்று நான் கத்துவேன். "நீங்க செத்த நேரம் கண்ண மூடிக்கோங்க, அது கை வெளையாடட்டும்" என்று சிரிப்பாய்.

போன வருஷம் இதே வாரம். பண்டிகையன்று ஜெபம் பண்ண உபதேசியார் வருவார், சுவரெல்லாம் மஞ்சளாகக் கிடக்கிறதே என்று எனக்கு ஆத்திரம். யாரிடமும் கேட்காமல் வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து அவள் வரைந்த படத்தின்மேல் ஒரே இழுப்பாக இழுத்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். இந்த அதிபுத்திசாலிக்குத் தெரியவில்லை. மறைய வேண்டிய படம் ரத்தச் சிவப்பாக எழுந்து நின்றது. பதறி இன்னொரு பூச்சு பூசினேன், இன்னும் சிவந்தது. எஸ்தர் கைகொட்டிக் குதித்தாள். "அம்மா, அப்பா மந்திரம் போடுதாங்க!" எனக்கு அவமானம் தாங்கவில்லை. கையிலிருந்த மட்டையின் காம்பாலேயே அவள் விரலில் ஒன்று வைத்தேன்.

நீ ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டாய். "மீசையப் பாருங்க. கையில சாப்பாட்டுத் தூக்குவாளியப் பாருங்க. அது நீங்கதான்" என்றாய். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் வரையவே இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது நீ என்னிடம் கேட்டதும் இது ஒன்றைத்தான்: "அவ கையில மறுபடி மஞ்சளக் குடுத்துருங்க."

இன்று காலை கொடுத்தேன். உன்னைப் போலவே கொட்டாங்கச்சியில் குழைத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். வேறு வழி தோன்றாமல் நானே விரலை மஞ்சளில் தோய்த்துச் சுவரில் இழுத்தேன். என் ஆயுளில் நான் வரைந்த முதல் படம். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது யாரு?"

"அம்மா."

"அம்மாவுக்குக் கழுத்தே இல்லையே. கொண்டை எங்க?" என்று கொட்டாங்கச்சியைப் பிடுங்கிக்கொண்டாள். கழுத்து வந்தது, கொண்டை வந்தது, உன் முன்பல்லின் இடைவெளிகூட வந்தது. சேலை போட்டு முடித்ததும் திரும்பினாள். "அப்பா, சேலையில மட்டும் சுண்ணாம்பு அடிங்க. அம்மா சேலை செவப்புல்லா?"

பானை ஆறியிருந்தது. ஆனால் மட்டையைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. "பயப்படாதீங்க, மெதுவா அடிங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் அடித்த அதே விரல்கள். சேலை சிவந்தது. காயக் காய இந்தச் சிவப்பு வெளுத்துவிடும் என்று சொன்னேன்.

"வெளுத்தா திரும்பப் போடுவோம். பெரியம்மாகிட்ட சொல்லிருங்க, எனக்கு இங்க எம்புட்டோ வேலை கெடக்குன்னு."

மஞ்சள் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், சுண்ணாம்பு பட்டதுபோல் என் விரல்களும் சிவந்துவிட்டன. நகக்கண்ணில் ஏறியது போகவே இல்லை. நாளை மில்லில் கேட்பார்கள், பண்டிகையன்று உபதேசியாரும் கேட்பார். என் பெண்டாட்டியை வரைந்தேன், கழுத்து வைக்க மட்டும் மறந்துவிட்டேன் என்று சொல்லப் போகிறேன்.