வெள்ளைக் கோட்டில் கை தூக்கியவள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நானும் மகளும் சுகம். பயிற்சி முகாமில் உனக்குக் காய்ச்சல் விட்டதா? போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். படித்த சூட்டில் ஒருவருடைய கிருதாவை மேலே ஏற்றிவிட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்து, கோபம் வீட்டம்மா மேலயா, என் காது மேலயா என்று கேட்டார். உன் மேல்தான். நடந்தது நடந்துபோச்சு, விடுங்க என்று எழுதியிருக்கிறாயே, எப்படி விடுவது?

தேசிய சைக்கிள் போட்டியன்று நான் அந்தக் கோட்டுப் பக்கத்தில்தான் நின்றேன். காலையில் தார் ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடுதான் முடிவு என்று உங்களுக்குச் சொன்னார்கள். ஆண்கள் முடித்ததும், அமைச்சர் மேடையில் இருந்தபடியே ஜெயிப்பவரோடு படத்தில் விழ வேண்டுமென்று, கோட்டின் மேல் நின்ற அலங்கார வளைவைக் கழற்றி இரண்டு பஸ் நீளம் தள்ளி நட்டார்கள். நடுவர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். பெண்கள் அப்போது பாதி வழியில். யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நான் கத்தியதை ஒலிபெருக்கி விழுங்கிவிட்டது. நீ முதலில் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கினாய், மிதிப்பதை நிறுத்தினாய். பின்னால் வந்த உன் அறைத்தோழி வளைவுவரை மிதித்தாள். அவள் சாம்பியனாம். உனக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். வளைவை நகர்த்தியவருக்கு மாலை!

விடுமுறையில் ஊருக்கு வந்த உன் அறைத்தோழி நேற்று கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். குனிஞ்ச தலை நிமிரலண்ணா, கோட்டையே பாக்கல, அதான் நிக்காம மிதிச்சேன் என்றாள். சாம்பியன் சட்டையை உறையைவிட்டு எடுக்கவே இல்லையாம். நீ முறையீடு கொடுத்தால், கோட்டில் நீதான் முந்தினாய் என்று சாட்சி சொல்வாளாம். மாதக் கடைசியோடு கெடு முடிகிறது. அவள் பட்டம் போய்விடுமே என்றுதானே வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்? அவளே கேட்கிறாள், போதுமா?

மற்றதையெல்லாம்கூடப் பொறுப்பேன். இனி ஜெயித்தாலும் கையைத் தூக்க மாட்டேன் என்று முடித்திருக்கிறாயே, அதைப் பொறுக்க முடியவில்லை. மகள் தினமும் தெருக்குழாய்வரை சைக்கிள் விட்டு, குழாயைத் தாண்டியதும் இரண்டு கையையும் தூக்குகிறாள். முந்தாநாள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். மருந்து போட்டேன். இன்று காலை மறுபடியும் தூக்கினாள். தூக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டுமென்றால் நீயே நேரில் வந்து அவளிடம் சொல். முடியாதென்றால், உட்கார்ந்து அந்த முறையீட்டை எழுது.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்